பணிவதும் சம்மதிப்பதும்

சட்டத் துறை ஆய்வு அடிக்குறிப்புகளோடு முடிந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். 1979 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு திறந்த மடல் அந்த எண்ணத்தை மாற்றியது.

1972இல் மகாராஷ்டிரக் காவல் நிலையம் ஒன்றில் ஆதிவாசிச் சிறுமி மதுரா வல்லுறவுக்கு ஆளானார். உடலில் காயமில்லை, எதிர்ப்பில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த முதல் பெண்ணான லோத்திகா சர்க்காரும், உபேந்திர பக்சி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகியோரும் தலைமை நீதிபதிக்கு எழுதினார்கள்: பணிந்துபோவது சம்மதம் ஆகாது.

1983இல் சட்டம் திருந்தியது. காவலில் நடந்த வல்லுறவில், சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும்.

மதுராவுக்கு மட்டும் நீதி கிடைக்கவில்லை. வகுப்பில் சொற்பொருள் வேறுபாடு கற்பிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.