ஐந்து கிரெயின் ஹையோசின்: கிரிப்பன் வழக்கும் இடம் மாறிய இரக்கமும்

1910 ஜனவரி 19 அன்று லண்டனின் நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்த லூயிஸ் அண்ட் பரோஸ் என்னும் மருந்துக் கடையின் நச்சுப் பதிவேட்டில் வாடிக்கையாளர் ஒருவர் கையொப்பமிட்டார். அவர் வாங்கியது ஐந்து கிரெயின் ஹையோசின் ஹைட்ரோபுரோமைடு. ஹோமியோபதி மருந்து தயாரிப்பதற்காக என்று காரணம் எழுதினார். அவ்வளவு ஹையோசின் கடையில் இருப்பு இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே அவர் சொல்லிவைத்து, கடைக்காரர்கள் மொத்த வியாபாரியிடமிருந்து தருவித்துக் கொடுத்தார்கள். கையொப்பமிட்டவர் ஹாலி ஹார்வி கிரிப்பன்; அமெரிக்காவிலிருந்து வந்து லண்டனில் மருந்து வியாபாரமும் பல் மருத்துவத் தொழிலும் நடத்திவந்தவர்.

இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற கொலை வழக்குகளில் ஒன்று இந்தக் கையொப்பத்திலிருந்து தொடங்குகிறது. கம்பியில்லாத் தந்தியின் உதவியால் நடுக்கடலில் பிடிபட்ட கொலைகாரன் என்ற அளவில் கிரிப்பனை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்தத் துரத்தலைவிடவும், வழக்கு முடிந்தபிறகு நூறாண்டுக் காலம் அதைப் பற்றி மக்கள் பேசிய விதமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொல்லப்பட்டவளிடமிருந்து கொன்றவனை நோக்கி இரக்கம் எப்படி நகர்ந்தது, அதற்கு ஒரு மயக்க மருந்து எவ்வாறு துணைநின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் மருந்தைப் பற்றி. ஹையோசின் நமக்கு முற்றிலும் அயலான பொருளன்று. நம் ஊர்ப் புறம்போக்குகளில் தானே முளைத்துக் கிடக்கும் ஊமத்தையில் உள்ள நச்சுகளில் இதுவும் ஒன்று. சிவனுக்குரிய அந்த மலரின் பெயர் உன்மத்தம் என்ற சொல்லோடு உறவுடையது. உண்டவரின் நிலையை அப்பெயரே சொல்லிவிடுகிறது. ஐரோப்பிய மருத்துவத்தில் இதே பொருள் மனநோய் விடுதிகளில் வெறிகொண்ட நோயாளிகளை அடக்கி உறங்கவைக்கப் பயன்பட்டது. இளமையில் லண்டனுக்கு வந்திருந்தபோது பெத்லெம் மருத்துவமனையில் அதன் பயன்பாட்டைக் கண்டதாகக் கிரிப்பனே நீதிமன்றத்தில் சொன்னார். மருந்தாகக் கொடுக்கும் அளவு ஒரு கிரெயினில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். கால் கிரெயினிலிருந்து அரை கிரெயின் வரை சென்றாலே உயிருக்கு ஆபத்து. அவர் வாங்கியதோ ஐந்து கிரெயின்.

அவருடைய மனைவி கோரா, பெல் எல்மோர் என்ற மேடைப் பெயர் கொண்டவர். நியூயார்க்கில் பிறந்து, இசை நாடகப் பாடகியாக வரவேண்டும் என்று கனவுகண்டு, லண்டனின் மியூசிக் ஹால் அரங்குகளில் பெரிய வெற்றி எதையும் காணாதவர். ஆனால் மியூசிக் ஹால் பெண் கலைஞர்களுக்கென்று இயங்கிய ஒரு நலச் சங்கத்தில் அவர் பொருளாளர். நலிந்த கலைஞர்களுக்கு உதவும் அந்தச் சங்கத்தில் அவருக்கு நெருங்கிய தோழிகள் பலர். 1910 ஜனவரி 31 இரவு ஹில்டிராப் கிரசென்ட் 39ஆம் எண் வீட்டில் மார்ட்டினெட்டி தம்பதியருக்கு விருந்து நடந்தது. பின்னிரவு ஒன்றரை மணியளவில் விருந்தினர் விடைபெற்றனர். அதன்பின் கோராவை உயிரோடு கண்டவர் யாருமில்லை, கணவரைத் தவிர.

பிப்ரவரி 2 தேதியிட்டு, உறவினர் ஒருவரின் நோய் காரணமாக அமெரிக்கா செல்வதாகவும் பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் சங்கத்திற்குக் கோராவின் பெயரில் கடிதம் வந்தது. கையெழுத்து அவருடையதன்று. அதே நாளில் கிரிப்பன் கோராவின் வைர நகைகளை அடகு வைக்கத் தொடங்கினார். ஒரு வாரத்திற்குள் இருமுறையாக அவர் பெற்ற தொகை 195 பவுண்டு. அவருடைய அலுவலகத் தட்டச்சரும் காதலியுமான எத்தல் லெ நீவ், பிப்ரவரி 20 அன்று ஒரு நடன விருந்துக்குக் கோராவின் நகையை அணிந்து வந்தார். மார்ச் மாதம், கோரா கலிஃபோர்னியாவில் இறந்துவிட்டதாக அறிவிப்பு வெளியாயிற்று.

இந்த இடத்தில்தான் வழக்கின் உண்மையான துப்பறிவாளர்கள் வருகிறார்கள். அவர்கள் சங்கத்துப் பெண்கள். நகையை அடையாளம் கண்டவர்களும், எந்தக் கப்பலில் போனாள், எந்த ஊரில் இறந்தாள் என்று கேட்டுக் கேட்டு அலைந்தவர்களும் அவர்களே. இறுதியில் ஜூன் 30 அன்று, லில் ஹாத்தோர்ன் என்ற பாடகியும் அவர் கணவரும் ஸ்காட்லாந்து யார்டில் முறையிட்டனர். ஆய்வாளர் வால்டர் டியூ ஜூலை 8 அன்று கிரிப்பனை விசாரித்தார். மனைவி இறந்தது பொய், அவள் இன்னொருவனோடு ஓடிவிட்டாள், அவமானத்திற்கு அஞ்சி மறைத்தேன் என்று கிரிப்பன் நீண்ட வாக்குமூலம் தந்தார். டியூ ஏறக்குறைய நம்பிவிட்டார். மறுநாளே கிரிப்பனும் எத்தலும் தலைமறைவாயிராவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம். ஜூலை 13 அன்று நிலவறையின் செங்கல் தரைக்கடியில் உடலின் எச்சம் கண்டெடுக்கப்பட்டது. தலை இல்லை, எலும்புகள் இல்லை, கை கால்கள் இல்லை. அவை இன்றுவரை கிடைக்கவில்லை.

பின் நடந்தது உலகறிந்தது. ஆன்ட்வெர்ப்பிலிருந்து கனடா சென்ற மான்ட்ரோஸ் கப்பலில் தந்தையும் மகனுமாக வேடமிட்டு இருவரும் பயணம் செய்ததைக் கப்பல் தலைவர் கெண்டல் கண்டுகொண்டு தந்தியனுப்பினார். டியூ வேகமான லாரன்டிக் கப்பலில் முந்திச் சென்று ஜூலை 31 அன்று அவர்களைக் கைது செய்தார். கப்பலில் இருந்த இருவருக்கும் தெரியாத செய்தியைக் கரையிலிருந்த இலட்சக்கணக்கான வாசகர்கள் நாள்தோறும் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனித வேட்டை அன்றாடத் தொடர்கதையாக வாசிக்கப்பட்டது. தொடர்கதைக்கு நாயகனும் நாயகியும் வேண்டும் அல்லவா? ஆண் வேடமிட்ட காதலியோடு கடலைக் கடக்கும் மென்மையான சிறு மனிதர் அந்த இடத்தில் இயல்பாகப் பொருந்திக்கொண்டார். இறந்தவளுக்குக் கதையில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

அக்டோபர் 18 அன்று ஓல்டு பெய்லியில் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் பிரபுவின் முன் விசாரணை தொடங்கியது. கிரிப்பன் தரப்பின் வாதம், நிலவறையில் கிடந்தது கோராவே அல்ல, அவர்கள் குடியேறுவதற்கு முன்பே யாரோ புதைத்தது என்பது. அரசுத் தரப்பு அதைப் பொருள்களைக் கொண்டே உடைத்தது. உடலோடு கிடந்த இரவுச் சட்டையில் ஜோன்ஸ் பிரதர்ஸ் லிமிடெட் என்ற அடையாளத் துணி இருந்தது. அந்தக் கடை லிமிடெட் நிறுவனமானது 1906இல். கிரிப்பன் தம்பதியர் வீட்டிற்குக் குடிவந்ததோ 1905இல். வயிற்றுத் தோலில் இருந்தது அறுவைத் தழும்பு என்று இளம் மருத்துவரான பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி சாட்சி சொன்னார். நச்சியல் நிபுணர் வில்காக்ஸ், எடுத்த சாற்றில் ஒரு துளியைப் பூனையின் கண்ணில் இட்டு, கண்மணி விரிவதைக் கொண்டு நச்சின் இனத்தை அறிந்து, பிற சோதனைகளால் அது ஹையோசின் என்று உறுதிசெய்தார். உடல் முழுவதிலும் அரை கிரெயினுக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. மனைவி யாரோடு ஓடினாள் என்று கிரிப்பன் சொன்னாரோ, அந்த புரூஸ் மில்லரே அமெரிக்காவிலிருந்து வந்து கூண்டிலேறி அதை மறுத்தார். ஐந்தாம் நாள் ஜூரிகள் 27 நிமிடத்தில் குற்றவாளி என்றனர். மூன்று நாள் கழித்து நடந்த தனி விசாரணையில் எத்தல் விடுதலையானார். நவம்பர் 23 அன்று பென்டன்வில் சிறையில் கிரிப்பன் தூக்கிலிடப்பட்டார்.

சட்டத்தின் கதை அத்துடன் முடிந்தது. ஊர்ப்பேச்சின் கதை அதற்கு முன்பே வேறு திசையில் போகத் தொடங்கியிருந்தது. தூக்கிற்குச் சில நாள் முன்பு கிரிப்பனின் விடைபெறும் கடிதம் பத்திரிகையில் வெளியாயிற்று. எத்தலின் காதலைப் போற்றும் அக்கடிதத்தைப் பலர் கண்ணீரோடு படித்திருக்க வேண்டும். எத்தலின் கடிதங்களையும் படத்தையும் தன்னோடு புதைக்கக் கேட்டார் என்ற செய்தி அவரைக் காதலுக்காக உயிர்நீத்தவராக்கியது. 1920இல் வழக்கின் நடவடிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட ஃபில்சன் யங், தம் முன்னுரையில் கிரிப்பன்பால் வெளிப்படையான பரிவு காட்டினார். அடக்கமான கணவன், ஆடம்பரமும் அதட்டலும் கொண்ட மனைவி என்ற சித்திரம் அச்சில் நிலைபெற்றது.

இதற்கெல்லாம் மணிமுடி வைத்தது வழக்கறிஞர் மார்ஷல் ஹாலின் பெயரால் வழங்கும் கருத்து. அவர் அவ்வழக்கில் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார் என்று அவர் வரலாறு கூறுகிறது: கிரிப்பன் கொல்ல நினைக்கவில்லை, மனைவியை உறங்கவைத்துவிட்டுக் காதலியோடு பொழுது கழிக்க மயக்க மருந்து கொடுத்தார், அளவு தவறிப்போயிற்று, அச்சத்தில் உடலை மறைத்தார். கேட்பதற்கு எவ்வளவு இதமான விளக்கம்! கத்தி, கயிறு, துப்பாக்கி எதற்கும் இந்த வசதி கிடையாது. மயக்க மருந்தில் மட்டும் கொலைக்கும் பணிவிடைக்கும் நடுவே ஒரு மங்கலான இடம் இருக்கிறது. கொடுத்தவனின் கை வன்முறை செய்த கையாகத் தோன்றுவதில்லை. இறந்தவளும் துடித்தவளாகத் தோன்றுவதில்லை, தூங்கிப்போனவளாகவே தோன்றுகிறாள். பரிவுகொள்ள விரும்பும் மனத்திற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த விளக்கத்தைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சிறிது நேரம் உறங்கவைக்க விரும்பியவர், நூற்றுக்கணக்கான முறை மருந்தாகக் கொடுக்கப் போதுமான அளவைச் சொல்லிவைத்து வாங்கியது ஏன்? அம்மருந்தின் இயல்பை மனநோய் விடுதியிலேயே கண்டறிந்தவர் அளவு தவறினாரா? தவறியதாகவே கொள்வோம். திடுக்கிட்ட மனிதன் மறுநாளும் அதற்கடுத்த நாளும் என்ன செய்தான்? நகையை அடகு வைத்தான், கடிதம் அனுப்பினான். தலையையும் எலும்புகளையும் யாரும் காணாதபடி அகற்றினான். பதற்றத்தின் வேலையாக இது தோன்றவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அளவு தவறியதாகக் கிரிப்பனே ஒருபோதும் சொல்லவில்லை. அவருக்காகப் பிறர் சொன்ன சாக்கு அது.

கோராவின் குணம் பற்றிய சித்திரத்திற்கும் இதே சோதனை பொருந்தும். அவள் கோபக்காரி, ஊதாரி, பிறன்மேல் மனம் வைத்தவள் என்பதற்கு முதல் மூலம் எது? ஜூலை 8 அன்று கிரிப்பன் டியூவிடம் தந்த வாக்குமூலம். அதாவது, கொன்றவன் தப்பிப்பதற்காகச் சொன்ன கதை. அதில் மனைவி ஓடிப்போனாள் என்ற பகுதியை ஜூரிகள் நம்பவில்லை. மனைவி பொல்லாதவள் என்ற பகுதியை மட்டும் பின்வந்தவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இலக்கியம் பயில்பவர்களுக்கு இது பழகிய சிக்கல். கதையை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம் என்று ஒரு புனைகதையைப் படிக்கும்போது தவறாமல் கேட்கிறோம். நீதிமன்ற ஆவணத்தை உண்மை என்று நம்பிப் படிக்கும்போது அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். விருந்து முடிந்த இரவுவரை கோராவோடு பழகிய தோழிகளின் சாட்சியமும் அதே ஆவணங்களில் இருக்கிறது. அதைக் கதையாக்க ஆளில்லை.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆங்கிலேயர் விரும்பிப் படித்த பழைய நச்சுக் கொலைகளில் கிரிப்பன் வழக்கையும் சேர்க்கிறார். அத்தகைய கொலைகள் கொன்றவர், இறந்தவர் இருவர் மீதும் இரக்கம் எழுப்புபவை என்பது அவர் கருத்து. கிரிப்பன் வழக்கில் அந்தச் சமநிலை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மெழுகுச் சிலைக்கூடத்தில் நின்றவர் கிரிப்பன். 1961இல் லண்டன் மேடையேறிய இசை நாடகம் 'பெல்' என்று பெயர் வைத்துக்கொண்டு கொலையைக் கேளிக்கையாக்கியது.

2007இல் வழக்கு மீண்டும் செய்தியாயிற்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1910ஆம் ஆண்டின் கண்ணாடித் தகட்டிலிருந்து எடுத்த மரபணு கோராவின் தாய்வழி உறவினர்களோடு ஒத்துப்போகவில்லை என்றும், அத்திசு ஆணுடையது என்றும் அறிவித்தனர். நூறாண்டுப் பழமையான தகட்டின் தூய்மையையும் குடிவழியைத் தேடிய முறையையும் பிறர் ஐயுற்றனர். வழக்கை மறுபடி நீதிமன்றத்திற்கு அனுப்ப பிரிட்டனின் மறுஆய்வு ஆணையம் 2009இல் மறுத்துவிட்டது. விவாதம் செய்வதில் தவறில்லை. ஆயினும் அந்த விவாதத்திலும் கேள்வி கிரிப்பன் நிரபராதியா என்பதாகவே இருந்தது. அப்படியானால் கோரா எங்கே போனாள், ஏன் தோழிகளில் ஒருவருக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டவர்கள் குறைவு.

2025இல் வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்டு இவ்வழக்கைப் பற்றிய தம் நூலைக் கொலைகாரனை நடுவில் வைக்காமல், அவனைச் சுற்றியிருந்த பெண்களை முன்வைத்து எழுதினார். 1892இல் இறந்த முதல் மனைவி சார்லட், கோரா, எத்தல், சங்கத்துத் தோழிகள் என்று அவர்களின் வாழ்வு அங்கே விரிகிறது. நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்தாவது இது நிகழ்ந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். அந்தத் தோழிகள் 1910இலேயே செய்ய முயன்றதும் இதைத்தான். அமெரிக்காவுக்குப் போனாள் என்றபோது எந்தக் கப்பல் என்று கேட்டார்கள். இறந்தாள் என்றபோது எந்த ஊர் என்று கேட்டார்கள். மயக்க மருந்தின் மென்மையைப் பற்றிப் பேசியவர்கள் எவருக்கும் தோன்றாத எளிய கேள்விகள் அவை. வழக்கைத் திறந்தவை அவையே.