பார்கோடு: ஓஹையோவில் இருந்து கல்வராயன் மலை வரை

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போனால் கல்வராயன் மலை. மேலே வெள்ளிமலை. சாமை, தினை, மரவள்ளி விளையும் பூமி. தேன், புளி, கடுக்காய் எல்லாம் இந்த மலையின் பொருட்கள். இவை மலையை விட்டு இறங்கும்போது மூட்டையாக இறங்குகின்றன. மூட்டைக்குப் பெயர் கிடையாது, எண்ணும் கிடையாது. ஊருக்குள் வந்து, சுத்தம் செய்து, அரைக்கிலோ பாக்கெட்டாக மாறும்போதுதான் பின்பக்கம் கறுப்புக் கோடுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதற்குக் கீழே 13 எண்கள்.

இந்தக் கோடுகள் எங்கே பிறந்தன? இவற்றை யார் தருகிறார்கள்? கோட்டுக்கு உரியவர் யார், விளைவித்தவரா, பாக்கெட் போட்டவரா? இந்தக் கேள்விகளுக்கான பதில் ஒரு சுவையான வரலாறு.

மணலில் பிறந்த கோடு

1948ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு மளிகைக் கடை நிறுவனத்தின் தலைவர் டிரெக்சல் கல்லூரிக்கு வந்தார். கல்லாவில் பொருட்களின் விவரத்தைத் தானாகவே படிக்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று அங்கே கேட்டார். இந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் தன் நண்பர் நார்மன் ஜோசப் உட்லேண்டிடம் சொன்னார்.

உட்லேண்ட் சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் மோர்ஸ் தந்திக் குறியைக் கற்றவர். மியாமி கடற்கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது மணலில் புள்ளியும் கோடும் போட்டார். பிறகு விரல்களால் அவற்றைக் கீழே இழுத்துவிட்டார். புள்ளி மெல்லிய கோடானது, கோடு தடித்த கோடானது. அவ்வளவுதான், யோசனை பிறந்துவிட்டது! 1949இல் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1952இல் கிடைத்தது. அதில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு வடிவமும் இருந்தது.

ஆனால் காலம் இன்னும் கனியவில்லை. கோட்டைப் படிக்க லேசர் வேண்டும், அது 1960இல்தான் வந்தது. படித்ததைப் புரிந்துகொள்ள மலிவான கணினியும் வேண்டும். காத்திருக்க முடியாமல் காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். சில்வர் 1963இல் இளவயதிலேயே காலமானார். தன் கண்டுபிடிப்பு கடைக்குள் நுழைந்ததை அவர் பார்க்கவே இல்லை.

வட்ட வடிவத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அச்சில் மை கொஞ்சம் இழுவினாலும் கருவியால் படிக்க முடியாது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் அதை நேர்கோடுகளாக மாற்றினார். செங்குத்துக் கோட்டில் மை மேலும் கீழும் இழுவினாலும் கோட்டின் தடிமன் மாறாது. 1973 ஏப்ரலில் அமெரிக்க மளிகைத் துறை அதைப் பொதுக் குறியாக ஏற்றது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் முதல் பொருள் கருவியில் காட்டப்பட்டது. அது என்ன தெரியுமா? ரிக்லி நிறுவனத்தின் ஒரு சூயிங்கம் பாக்கெட், விலை 67 சென்ட்!

அந்த நாளில் கல்வராயன் மலை எப்படி இருந்தது? மலை அப்போதும் மூன்று ஜாகிர்களாக, ஜாகிர்தார்களின் பிடியில்தான் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசின் கைக்கு வந்தது. ஒரு பக்கம் லேசர் கல்லா, இன்னொரு பக்கம் ஜாகிர். இரண்டும் ஒரே காலம்தான்.

இந்தியாவுக்கு வந்த விதம்

அமெரிக்காவின் குறி 12 இலக்கம். ஐரோப்பிய நாடுகள் 1977இல் 13 இலக்கம் கொண்ட தங்கள் அமைப்பைத் தொடங்கின. பிரஸ்ஸல்ஸ் நகரில் தலைமையகம் உள்ள அந்த அமைப்புதான் 2005இல் ஜிஎஸ்1 என்று பெயர் மாறியது. இந்தியாவில் 1996இல் வர்த்தக அமைச்சகத்தின் ஆதரவோடு ஈஏஎன் இந்தியா தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஜிஎஸ்1 இந்தியா. இந்தியாவுக்குக் கிடைத்த முன்னெண் 890.

இந்தியாவில் பார்கோடு மெதுவாகத்தான் பரவியது. காரணம் எளிது. அமெரிக்காவில் ஒவ்வொரு டப்பாவிலும் கடைக்காரர்தான் விலைச்சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையும் கூலியும் மிச்சமாகும் என்பதால் அவர்களுக்கு பார்கோடு இனித்தது. இங்கே 1990 முதல் அதிகபட்ச சில்லறை விலையைப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அண்ணாச்சி கடையில் விலை மனப்பாடம், கணக்கு மனக்கணக்கு. கள்ளக்குறிச்சி அன்று இருந்த அதே தென்னாற்காடு மாவட்டத்தின் கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த பாக்கெட் வியாபாரம் பின்னாளில் ஷாம்புவையே சரமாகத் தொங்கவிட்டது. சரத்தில் இருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பவருக்கு லேசர் எதற்கு?

சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகியபோது நிலைமை மாறியது. ஆயிரக்கணக்கான பொருட்களின் விலையை எந்தக் கல்லா ஊழியரும் மனப்பாடம் செய்ய முடியாது. கோட்டைக் காட்டினால் பில் தயார். எந்தப் பொருள் எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் என்ற இருப்புக் கணக்கும் அப்போதே தயார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கணினி பில் சிறு ஊர்களுக்கும் பரவியது. இணையக் கடைகளும் பொருளைப் பட்டியலில் சேர்க்கும்போது பெரும்பாலும் இந்த எண்ணைக் கேட்கின்றன.

கோட்டுக்குள் என்ன இருக்கிறது?

பலர் நினைப்பது போல விலை அதற்குள் இல்லை! இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு உரிய பெயரும் விலையும் கடைக் கணினியில் இருக்கின்றன. எண்ணின் முதல் பகுதி 890. அடுத்தது நிறுவனத்தின் எண், பிறகு பொருளின் எண். கடைசி இலக்கம் சோதனை எண்.

சோதனை எண்ணைக் கண்டுபிடிப்பது ஒரு சின்னக் கணக்கு. உதாரணமாக 890123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்கை அடைய எவ்வளவு வேண்டுமோ அதுவே சோதனை எண். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் இங்கே அது 0. ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தாலும் கணக்கு இடிக்கும், கருவி ஏற்காது.

கருவியின் ஒளி சிவப்பு. வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். அதனால்தான் வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு அச்சிட்டால் கருவிக்கு எதுவும் தெரியாது. லேபிள் அச்சிடுகிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது.

எப்படி வாங்குவது?

ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவுக் கட்டணமும் சந்தாவும் கட்டினால் எண்கள் கிடைக்கும். எத்தனை எண் வேண்டும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். சாமை அரைக்கிலோவுக்கு ஓர் எண், ஒரு கிலோவுக்கு வேறு எண், தினை அரைக்கிலோவுக்கு இன்னோர் எண். ஆக மூன்று எண்கள். எண் கிடைத்த பிறகு கோட்டை வரைவதும் அச்சிடுவதும் சாதாரண வேலை.

இங்கேதான் சிறு உற்பத்தியாளர்கள் ஏமாறுகிறார்கள். இணையத்தில் "இலவச பார்கோடு" தரும் பக்கங்கள் கோட்டின் படத்தைத்தான் தருகின்றன, எண்ணின் உரிமையைத் தருவதில்லை. வேறு பாக்கெட்டில் இருக்கும் எண்ணை நகல் எடுத்தால் கல்லாவில் சாமைக்குப் பதில் சோப்பு என்று வரும்!

இன்னொரு குழப்பமும் உண்டு. பார்கோடு அரசு தரும் தரச் சான்று அல்ல. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் விளைந்தது என்றும் பொருள் அல்ல, எண்ணை இந்திய அமைப்பு வழங்கியது என்று மட்டுமே பொருள். உணவுப் பொருளை விற்கச் சட்டப்படி தேவைப்படுவது வேறு: உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண், பாக்கெட்டில் நிகர எடை, விலை, பாக்கெட் போட்ட மாதம், முகவரி. பார்கோடு கட்டாயம் இல்லை. சந்தையிலும் கூட்டுறவு சங்கத்திலும் விற்கிறவருக்கு அது தேவையும் இல்லை. பெரிய கடையின் அலமாரியில் ஏற வேண்டுமானால் மட்டும் தேவை.

மலைக்கு என்ன லாபம்?

மலையில் விளைந்த சாமையை மூட்டையாக வாங்குபவர் பாக்கெட் போட்டு எண் ஒட்டினால் அந்த எண் அவருடையது. விளைவித்தவரின் பெயர் கடைக் கணினியில் எங்கும் இருக்காது. மலைவாழ் விவசாயிகளின் சங்கமோ மகளிர் குழுவோ தானே பாக்கெட் போட்டு, தன் பெயரில் எண் வாங்கினால் நிலைமை வேறு. எந்தக் கடையில் எத்தனை விற்றது என்ற கணக்கைக் கேட்டு வாங்க முடியும். மறுபடியும் பொருள் வேண்டும் என்றால் கடைக்காரர் தேடி வருவது அவர்களிடம்தான்.

ஆனால் எண் வாங்கினால் மட்டும் விற்றுவிடாது. சாமையை உமி நீக்கும் இயந்திரம் வேண்டும், ஒரே சீரான தரம் வேண்டும், மாதாமாதம் தவறாமல் பொருள் அனுப்ப வேண்டும். இவை இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் சந்தாப் பணம்தான் நஷ்டம்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தில் இருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2021இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு ஒரு பொருள் எந்த ஊருடையது என்று சொல்கிறது. பார்கோடு அந்தப் பாக்கெட் யாருடையது என்று சொல்கிறது. மூட்டையாக இறங்கும் கல்வராயன் மலைச் சாமைக்கு இரண்டாவது கேள்விக்கான பதில்தான் இன்னும் மலையில் இருந்தே எழுதப்பட வேண்டியிருக்கிறது.