நியூஸ் என்னும் சொல்

'நியூஸ்' என்னும் ஆங்கிலச் சொல் எவ்வாறு பிறந்தது என மாணவர் கூட்டத்தில் வினவினால், உடனே ஒரு விடை கிடைக்கும். நோர்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்னும் நாற்றிசைப் பெயர்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்தே அச்சொல் ஆயிற்று என்பர். நாற்றிசையினின்றும் வருவதே செய்தியாதலின், விளக்கம் மிக அழகாகப் பொருந்துகின்றது. நாமும் இளமையில் இதனைக் கேட்டு மகிழ்ந்தோம். மேடையிலும் எடுத்துக் கூறினோம். ஆயினும், அது உண்மையன்று.

இக்கூற்றுப் புதியதுமன்று. 1640ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த நகைச்சுவைப் பாட்டுத் திரட்டொன்றிலேயே இது காணப்படுகின்றது. அன்று விளையாட்டாகச் சொல்லியது, நாளடைவில் வரலாறாக மதிக்கப்பட்டது.

உண்மை யாது? 'நியூ' என்றால் புதியது. அதனோடு பன்மை விகுதி சேர, 'புதியன' என்னும் பொருளில் 'நியூஸ்' பிறந்தது. பிரெஞ்சு மொழியிலும் செய்தியைக் குறிக்கும் 'நூவெல்' என்பது புதியன என்றே பொருள்படும். பழைய ஆங்கில ஏடுகளில் இச்சொல்லின் ஈற்றெழுத்துக்கு முன் மேலும் ஓர் 'ஈ' சேர்த்து ஐந்தெழுத்தாக எழுதினர். எழுத்து ஐந்தாயின், ஐந்தாந் திசை எங்கே?

1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியையும் நோக்குவோம். அம்மொழியிலும் செய்தியின் பெயர் ஏறக்குறைய 'நியூஸ்' என்றே ஒலிக்கும். ஆனால், அங்கே கிழக்கின் முதலெழுத்து 'ஓ'; தெற்கின் முதலெழுத்து 'இசட்'. திசைக் கணக்கு அங்கே பொருந்தாது. புதுமை என்னும் பொருளோ நன்கு பொருந்தும்.

இதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. வழியில் ஒருவரைக் கண்டால் நம்மவர் கேட்பது என்ன? "என்ன புதினம்?" என்பதன்றோ! 'புது' என்னும் அடியிற் பிறந்த 'புதினம்' நம் வழக்கிற் செய்தியைக் குறிக்கின்றது. 1841இல் உதயதாரகையும், 1889இல் இந்துசாதனமும் தோன்றிய இம்மண்ணிற் பத்திரிகையைப் 'புதினப் பத்திரிகை' என்றே நம் முன்னோர் அழைத்தனர். தமிழகத்தாரோ 'புதினம்' என்பதை நாவலுக்குப் பெயராக வைத்தனர். 'நாவல்' என்னும் சொல்லும் புதியது என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்தினின்று வந்ததே.

'செய்தி' என்னும் சொல்லின் வழி வேறு. அது 'செய்' என்னும் வினையடியாகப் பிறந்தது. செய்த நன்றி என்னும் பொருளிற் சங்க நூலிலும் வந்துள்ளது. செயலைச் சொல்வது செய்தி. புதியதைச் சொல்வது புதினம். இரண்டும் நம்மிடம் இருப்பது நமக்குப் பெருமையே.

இளைஞர்காள்! பொருந்துவதெல்லாம் உண்மையாகிவிடாது. ஒரு சொல்லின் பிறப்பை யாரேனும் அழகாக விளக்கினால், அதன் பழைய வடிவம் யாது, அயல்மொழிகளில் அதன் இனச் சொற்கள் எவை என்று கேளுங்கள். ஒரு சொல்லைப்பற்றிய பொய் சிறிது போலத் தோன்றும். ஆனால், ஆராயாது அதனை ஏற்றுப் பழகிய மனம், ஊரைப்பற்றியும் அயலாரைப்பற்றியும் வரும் பொய்ப் புதினங்களையும் அவ்வாறே ஏற்றுவிடும்.