கொன்றும் குறையாத கூட்டம்



மன்னர்களின் போரும் பட்டமும் மட்டுமே வரலாறு என்று எண்ணிவிடலாகாது. ஒரு நகரம் தன் தெரு நாய்களை நடத்திய விதமும் வரலாறுதான். அதனை நான் சொல்ல முற்படுவதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் முதன்முதல் ஆசிரியப் பணி ஏற்ற சிற்றூரில், பள்ளித் திண்ணையிலே ஒரு பெண் நாய் படுத்திருக்கும். ஒருநாள் காலை நாய் பிடிப்போர் வந்து, கம்பிச் சுருக்கிட்டு அதனை இழுத்துச் சென்றனர். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "ஐயா, இப்படிக் கொன்றால் நாய்கள் குறைந்துவிடுமா?" என்று கேட்டான். "குறையும்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன். மறு ஆண்டில் அதே திண்ணையில் வேறு இரண்டு நாய்கள் படுத்திருந்தன. சிறுவன் என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

நான் சொன்னது தவறான விடை. சரியான விடை சென்னையின் வரலாற்றில் இருக்கிறது.

சென்னையில் தெரு நாய்களைக் கொல்லும் முறை 1860-இல் தொடங்கியதென்பர். அந்நாளில் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்தே இல்லை. பாரிசில் லூயி பாஸ்டர் அதனைச் செலுத்தி வெற்றி கண்டது 1885-இல். நம் நாட்டிலே குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது 1907-இல். அதன் பின்னும் நெடுங்காலம், கடிபட்டவர் வயிற்றில் பல ஊசிகளைத் தாங்க வேண்டியிருந்தது. ஆகவே மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் கொண்ட வழி பயன் தந்ததா?

விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பினர் இக்கணக்கை ஆராய்ந்தனர். அவர்கள் கூறுவதன்படி, தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய்கூடக் கொல்லப்படவில்லை. 1990-களின் நடுவிலோ நாள்தோறும் ஏறத்தாழ 135 நாய்கள் மடிந்தன. நூற்றாண்டுக்கு மேலாகக் கொன்றும் கொல்ல வேண்டிய தொகை பெருகியதேயன்றிக் குறையவில்லை.

காரணம் எளிது. தெருவில் குப்பையும் எச்சிற்சோறும் உள்ளவரை, ஒரு நாய் நீங்கிய இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். ஒரு பெண் நாயோ ஆண்டுக்கு இருமுறைகூட ஈனவல்லது. எனவே பிறப்பைத் தடுப்பதே வழி என்று அவ்வமைப்பினர் 1964 முதல் வாதாடினர். நாய்க்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காதில் சிறு வெட்டிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது அம்முறை. மாநகராட்சி அதனை ஏற்றது 1996-இல்தான். மத்திய அரசு 2001-இல் இதற்கென நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. 2023-இல் அவற்றைப் புதுப்பித்தது.

அத்துடன் துன்பம் தீர்ந்ததா? இல்லை. சென்னையில் 2024-இல் எடுத்த கணக்கில் தெரு நாய்கள் ஏறத்தாழ 1.8 லட்சம், அவற்றுள் கருத்தடை செய்யப்பெற்றவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுதி. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் தொடர்ந்து செய்தாலன்றி இம்முறை பலிக்காது என்பர் அறிஞர். வழி தவறன்று, அரைகுறையாக நின்றதே தவறு.

தெரு நாய்கள் பலவும் வீட்டு நாய்களின் வழிவந்தவையே. எங்கள் அமராவதிபுதூரிலும் ஆண் குட்டியை வைத்துக்கொண்டு, பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க் கரையில் விட்டுவருவோரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கொடியவரல்லர், பிள்ளைகுட்டிகளைப் பெற்ற நல்லவரே. நாய்க்குக் கருத்தடை செய்வது பாவம் என்று அஞ்சுவார்கள். கண்மாய்க் கரையில் பசித்துச் சாகும் குட்டிகளை எண்ணமாட்டார்கள். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை சென்றுவந்தால் இரண்டு துன்பமும் இல்லை.

நாய் கடித்தால் உடனே காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். தாமதியாது மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று கேட்ட சிறுவன் இன்று எங்கோ தந்தையாக இருக்கக்கூடும். அவனுக்கு நான் கடன்பட்டிருந்த விடை இதுதான்: "கொல்வதால் குறையாது, தம்பி, பிறப்பைத் தடுத்தால் குறையும்."