நூறாண்டு கடந்த மின்மகிழுந்து



மின்சாரத்தில் ஓடும் மகிழுந்து எக்காலத்துக் கண்டுபிடிப்பு என்று நம் மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் இக்காலத்தது என்றே விடை பகர்வர். பெரியவர்களுள்ளும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். வரலாறோ வேறு கதை சொல்கிறது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட மகிழுந்துகள் 4,192. அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே. அதற்கு முந்திய ஆண்டில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் மகிழுந்து என்னும் பெருமையைப் பெற்றதும் மின்வண்டியே. பெல்ஜிய நாட்டவரான காமில் ஜெனாட்சி அதனைப் பிரான்சில் ஓட்டிக் காட்டினார்.

அக்கால மின்மகிழுந்துகளுள் புகழ் மிக்கது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்'. குதிரை வண்டிகள் செய்து வந்த ஆண்டர்சன் நிறுவனம் 1907இல் இதனைத் தயாரிக்கத் தொடங்கியது. 1939 வரை ஏறத்தாழ 13,000 வண்டிகள் வெளிவந்தன. கண்ணாடிச் சன்னல்கள் சூழ்ந்த சிறு வரவேற்பறை போன்ற தோற்றம்; மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டிய வேகம்; ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓட்டம். திருப்புவதற்குச் சக்கரம் இல்லை. நீண்ட கைப்பிடி ஒன்றே உண்டு. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மற்றொரு கைப்பிடி.

பெட்ரோல் வண்டியை முடுக்க, முன்புறம் நின்று கைநெம்புகோலைச் சுழற்ற வேண்டிய காலம் அது. கை தவறினால் நெம்புகோல் திருப்பி அடித்து எலும்பையே முறித்துவிடும். மின்வண்டிக்கு அத்துன்பம் இல்லை. எனவே பெண்களும், நோயாளியைக் காண விரையும் மருத்துவர்களும் இதனை விரும்பி வாங்கினர். பெட்ரோல் மகிழுந்துகளால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையாரே 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் ஒன்றை வைத்திருந்தார் என்பது வியப்பன்றோ!

அவ்வாறாயின் இவ்வண்டிகள் ஏன் மறைந்தன? முதற்காரணம் விலை. 1908இல் 850 டாலராக இருந்த ஃபோர்டின் 'மாடல் டி' வண்டி, 1920களின் நடுப்பகுதியில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் பெரும்பாலும் 2,000 டாலருக்கு மேல் விற்றது. இரண்டாவதாக, டெக்சாசு மாநிலத்தில் கிடைத்த எண்ணெய் வளத்தால் பெட்ரோல் மலிந்தது. மூன்றாவதாக, ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் பெருகின. ஆனால், நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் சென்று சேரவில்லை. நான்காவது காரணம் எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்முடுக்கி 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் இடம்பெற்றது. கைநெம்புகோலின் தொல்லை தொலைந்தது. மின்மகிழுந்தின் தனிச்சிறப்பைப் பறித்தது மற்றொரு மின்னோடியே!

எஞ்சியுள்ள அவ்வண்டிகளை இன்றும் ஆர்வலர்கள் தேடி வாங்குகின்றனர். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜெ லெனோ, 1909ஆம் ஆண்டு பேக்கர் எலெக்ட்ரிக் ஒன்றைப் பேணி வருகிறார். இத்தகைய வண்டியை வாங்க விழைவோர் பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. உடற்பகுதியின் சட்டகம் மரத்தாலானது. பூச்சுக்குக் கீழே அது உளுத்திருக்கக்கூடும். மின்கலத்திலிருந்து சிந்திய அமிலம் அருகிலுள்ள மரத்தையும் இரும்பையும் அரித்திருக்கக்கூடும். டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கின் வளைந்த கண்ணாடி உடைந்தால் கடையில் கிடைக்காது. தனியே செய்விக்க வேண்டும். மின்னோடியில் இயங்கும் பாகங்கள் மிகச் சிலவே. ஆதலால் அது பெரும்பாலும் நெடுங்காலம் உழைக்கும்.

மின்கலமே பெருஞ்செலவு. பழைய ஈயக்கலங்கள் நூறாண்டு தாங்குவதில்லை. புதியவற்றை இட்டே ஓட்டுகின்றனர். எடிசன் உருவாக்கிய நிக்கல்-இரும்புக் கலமோ விலை மிக்கது. எனினும் நெடுநாள் உழைப்பது. இக்கால லித்தியம் கலத்தைப் பொருத்தினால் எடை குறையும், தொலைவு கூடும். ஆனால், பழைய கம்பியிணைப்புகளையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் அதற்காக அகற்றிவிட்டால், எஞ்சுவது பழைய உடலில் புகுந்த புதிய வண்டியே. அப்பாகங்கள் ஒருமுறை குப்பைக்குச் சென்றால், அவ்வண்டி எவ்வாறு இயங்கியது என்பதைப் பிற்காலத்தார் கண்ணால் காண வழியில்லை. ஆகவே, எதை மாற்றினாலும் கழற்றிய பாகத்தைப் பெயரெழுதிக் காத்து வைப்பதே பொறுப்புள்ள உரிமையாளரின் கடமை. தடுப்பான் வலிமை குறைந்தது என்பதால் விரைவுச்சாலைக்குக் கொண்டு செல்வதும் தகாது.

ஆசிரியப் பெருமக்களே, வென்றதெல்லாம் சிறந்தது, தோற்றதெல்லாம் தாழ்ந்தது என்னும் எண்ணம் நம் மாணவர் உள்ளத்தில் எளிதில் வேரூன்றிவிடுகிறது. தேர்வு மதிப்பெண்களையும் அவர்கள் அக்கண்ணோட்டத்திலேயே நோக்குகின்றனர். மின்மகிழுந்து பழுதான கருத்தாக இருந்ததால் தோற்கவில்லை. விலையும் சாலையும் மின்கலமும் அன்று அதற்குத் துணை நிற்கவில்லை. அவை மாறியபோது அது மீண்டும் சாலைக்கு வந்தது. அடுத்த முறை கட்டுரை வகுப்பில், "டெட்ராய்ட் எலெக்ட்ரிக் ஏன் தோற்றது?" என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோர்களும் வீட்டில் பிள்ளைகளோடு இதனைப் பேசலாம். ஒரே காரணத்தோடு நிறுத்திவிடாமல் நான்கு காரணங்களைத் தேடக் கற்ற பிள்ளை, தன் தோல்வியையும் அவ்வாறே ஆராயக் கற்றுக்கொள்ளும்.