ஹுப்ளிப் பட்டறையிலிருந்து வெள்ளித்திரைக்கு

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபோது, வழக்கம்போல் ரயில் பாதைகளின் வரலாற்றில் ஒரு பகுதியை எழுதி அனுப்பிவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் இவ்வாண்டு நம் இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கு நம் பேனாவை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

நம் மூத்த புதல்வன் பி.யூ.சி. தேறியவன். ரயில்வேத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி, நம் கையாலேயே பூர்த்தி செய்து அவன் முன் வைத்தோம். கையெழுத்திட வேண்டியது ஒன்றே பாக்கி. அவனோ, "அப்பா, நான் சினிமாப் படம் எடுக்கப் பழகப் போகிறேன்" என்றான். அவன் தாயார் இரண்டு நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நாமும் சினந்து, "காலனியில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தொழிலில் கைதூக்கிவிட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டோம். "நீங்கள் வேலை செய்கிற இதே ஹுப்ளிப் பட்டறையிலிருந்து ஒருவர் போயிருக்கிறாரே, அப்பா" என்று பதில் வந்தது. இருபது ஆண்டுகளாக அப்பட்டறையின் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்துவரும் நமக்கு அது தெரியாமற்போனது வெட்கமாக இருந்தது. பிறகு தேடிப் படித்தோம். படித்தவற்றைக் காலனி அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பட்டறையைப் பற்றி இரண்டு வார்த்தை. சதர்ன் மராட்டா ரயில்வேக் கம்பெனியார் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரில் பணிமனை நிறுவினர். 1908ஆம் ஆண்டில் அக்கம்பெனியும் மதராஸ் ரயில்வேயும் ஒன்றாயின. சென்னையும் ஹுப்ளியும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தமையால் நம்மவர் பலருக்கு இங்கே வரும் வழி எளிதாயிற்று. 1951இல் தென்னக ரயில்வே, 1966இல் தென் மத்திய ரயில்வே, 2003 முதல் தென் மேற்கு ரயில்வே என்று பெயர்ப் பலகைகள் மாறின. சங்கு ஊதுவது மட்டும் மாறவில்லை.

இப்பட்டறையில் முதல் உலக யுத்த காலத்தை ஒட்டி, கோலாப்பூரைச் சேர்ந்த ஒரு மராட்டிய இளைஞன் வேலைக்குச் சேர்ந்தான். பெயர் சாந்தாராம். 1901ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிறந்தவன். பள்ளிப் படிப்பு சொற்பம். சிறு வயதில் கந்தர்வ நாடக மண்டலியில் சில காலம் இருந்ததுண்டு. பகலில் பட்டறை வேலை போக, இவ்வூரில் தகரக் கூரை வேய்ந்த ஒரு சினிமாக் கொட்டகையில் மாதம் ஐந்து ரூபாய்க்கு எடுபிடி வேலையும் பார்த்தான். வாயிலில் நிற்பான். விளம்பரப் பலகை எழுதுவான். பால்கே அவர்கள் எடுத்த மௌனப் படங்களைக் காசு கொடாமல் பார்க்கக் கிடைத்ததே அவ்வேலையின் லாபம். எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஒருவன் ஒரே படத்தை எத்தனை முறை பார்த்தானோ! இதை எழுதும்போது, இரவு ஷிப்டு முடிந்து வரும் நம் பிள்ளைகளின் முகமே நம் நினைவில் வந்தது.

1920இல் அவன் கோலாப்பூர் திரும்பினான். அங்கே மகாராஷ்டிரா பிலிம் கம்பெனி என்று ஒன்று நடந்துவந்தது. அதன் தலைவர் பாபுராவ் பெயிண்டர். நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியதால் வந்த பெயர் அது. அவரும் அவர் உறவினர் ஆனந்தராவும் சீமைக் காமிராவுக்குக் காத்திராமல் தாமே ஒன்றைச் செய்ய முற்பட்டனர். ஆனந்தராவ் 1916இல் காலமானார். பாபுராவ் தளராமல், தாம்லே என்ற சீடரைத் துணைக்கொண்டு 1918இல் அதைச் செய்து முடித்தார். அக்காமிராவால் பிடித்த 'சைரந்திரி' என்னும் படத்தை 1920இல் பூனாவில் கண்ட லோகமான்யர் திலகர், அவருக்குச் 'சினிமா கேசரி' என்ற பட்டம் அளித்துப் பாராட்டினார். அப்படத்தின் கதை கீசக வதம். அதே கதையைத்தான் அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்னரே சென்னையில் நம் நடராஜ முதலியார் படமாக்கியிருந்தார். மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்ற அவர், பூனாவுக்குச் சென்று ஓர் ஆங்கிலேயரிடம் காமிராத் தொழில் பழகி வந்தவர். தென்னாட்டின் முதல் படம் அதுவே. தொழில் தேடி வடக்கே ரயிலேறிய தமிழர் வரிசையில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாந்தாராமைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர், அங்கே நிர்வாகியாயிருந்த அவர் உறவினர் பாபுராவ் பெந்தார்கர். ஆகவே கைதூக்கிவிட ஆளே இல்லை என்று சொல்வதற்கில்லை. உண்மையை மறைத்து மகனுக்குச் சாதகமாக எழுத நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சிபாரிசு அவருக்கு வாங்கிக் கொடுத்தது என்ன? கூட்டுவது, சாமான் சுமப்பது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது, இவ்வளவே. அக்காலத்தில் படம் பிடித்தல் வெயிலை நம்பிய தொழில். மேகம் மூடினால் நடிகர்கள் வேஷத்தோடு காத்திருப்பர். காமிராவின் கைப்பிடியைச் சீராகச் சுழற்ற வேண்டும். வேகம் பிசகினால் திரையில் மகாவிஷ்ணுவும் குரங்குபோல் குதிப்பார். பொழுது சாய்ந்தபின் இருட்டறையில் சுருளை மருந்து நீரில் தோய்த்துக் கழுவி உலர்த்தி, வெட்டி ஒட்ட வேண்டும். காட்சித் திரை எழுதுவது முதல் இருட்டறை வரை எல்லா வேலையிலும் சாந்தாராம் கை வைத்தார். 1921இல் 'சுரேகா ஹரண்' படத்தில் வேஷமும் கட்டினார். 1925இல் பாபுராவ் எடுத்த 'சாவ்காரி பாஷ்' என்னும் படத்தில், கடன்காரனிடம் நிலத்தை இழந்து பட்டணத்து ஆலைக்கு வேலை தேடி வரும் குடியானவனாக அவரே நடித்தார். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் போன்றோர்க்கு அக்கதையை விளக்க வேண்டியதில்லை.

ஏழாண்டு கழித்து, 1927இல், சிவாஜி மகாராஜாவின் தளபதியைப் பற்றிய 'நேதாஜி பால்கர்' என்ற படம் அவருடைய டைரக்‌ஷனில் வெளிவந்தது. அப்போது வயது இருபத்தைந்து. 1929 ஜூன் முதல் தேதி, தாம்லே, பத்தேலால், தாய்பர், பணம் போட்ட சீதாராம்பந்த் குல்கர்ணி ஆகியோரோடு சேர்ந்து பிரபாத் கம்பெனியைத் தொடங்கினார். குல்கர்ணி நீங்கலாக மற்றவர் யாவரும் பாபுராவ் பெயிண்டரிடம் கைத்தொழிலாகக் கற்றவர்களே. பத்தேலாலுக்குச் சித்திரம், தாய்பருக்குக் காமிரா, தாம்லேக்கு யந்திரம். பேசும் படம் வந்தபோது ஒலிப்பதிவையும் தாம்லே கைக்கொண்டார். நம் பட்டறையில் பிட்டர், டர்னர், வெல்டர் என்று கூடி ஒரு வண்டியை உருட்டி வெளியே விடுவது போலத்தான் இதுவும் நடந்திருக்கிறது. 1933இல் கம்பெனி பூனாவுக்குக் குடிபெயர்ந்தது. தாம்லேயும் பத்தேலாலும் இயக்கிய 'சந்த் துக்காராம்' 1937இல் வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது.

நம் தமிழுக்கும் பிரபாத் ஒரு படம் செய்து தந்தது. 1934இல் வந்த 'சீதா கல்யாணம்' அது. டைரக்டர் நாம் மேலே கூறிய பெந்தார்கர். எஸ். ராஜம் இராமனாகவும், அவருடைய உடன்பிறந்த தங்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். அவர்கள் தம்பியான சிறுவன் பாலசந்தர் அதில் ஒரு சிறு வேஷம் ஏற்றான். அச்சிறுவனே பின்னாளில் வீணை வித்துவானாகவும், 1954இல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தின் டைரக்டராகவும் புகழ் பெற்றார்.

சாந்தாராம் 1942இல் பிரபாத்தை விட்டு நீங்கிப் பம்பாயில் ராஜ்கமல் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பிறகு நடந்தவை நாடறிந்தவை. 1957இல் வந்த 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' படத்துக்காகக் காளையோடு பொருதியபோது கண்ணில் பலத்த காயம் பட்டதும் அவற்றுள் ஒன்று. இத்தொழில் மெத்தை விரித்த தொழில் அல்ல என்பதை நம் மகனுக்கு இதைக்கொண்டே சொன்னோம். கல்கத்தாவில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த குருதத் என்னும் இளைஞர் 1944இல் பிரபாத்தில் சேர்ந்ததையும், 1951இல் இருபத்தாறாம் வயதில் 'பாஸி' படத்தை இயக்கியதையும் அவன் பதிலுக்குச் சொன்னான். அவனும் படித்துத்தான் வைத்திருக்கிறான்.

பிரபாத் இருந்த அந்த இடத்திலேயே 1960இல் சர்க்கார் திரைப்படக் கல்லூரியை ஏற்படுத்தினர். பாலு மகேந்திரா 1969இல் அங்கே ஒளிப்பதிவு கற்றுத் தங்கப் பதக்கம் பெற்று வெளிவந்தார். இப்போது அங்கே பெரும்பாலான வகுப்புகளுக்குப் பட்டதாரிகள்தாம் விண்ணப்பிக்கலாம். சாந்தாராமே வந்து நின்றாலும் வாயிற்காவலர் திருப்பி அனுப்பியிருப்பார்!

ஆகவே நம் இல்லத்து வழக்கு தற்காலிகமாக இப்படித் தீர்ந்திருக்கிறது. மகன் இவ்வூர்க் கல்லூரியில் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறான். மாலையிலும் முகூர்த்த நாட்களிலும், கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் விளக்கும் வயரும் சுமக்கிறான். ரயில்வே விண்ணப்பத்தை நாம் கிழித்துப் போடவில்லை. கடைசித் தேதி அடுத்த மாதம் பதினைந்து. அது அலமாரியில் அவன் தாயாரின் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நம் ஆண்டு விழாவைப் படம் பிடிக்கவும் அந்த வீடியோக்காரருக்கே சொல்லியிருக்கிறார்கள். இம்மலர் தங்கள் கைக்கு வரும் வேளையில், மேடைக்கு இடப்புறம் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்தான்.