ஐந்தாண்டுக்கு ஒருமுறை: கல்லூரி ஆசிரியர் பயிற்சி பதவி உயர்வின் படியாக மாறிய வரலாறு

1949 ஆகஸ்டில் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இன்டர்மீடியட் கல்லூரி ஆசிரியர்களுக்கும் விடுமுறைக் காலங்களில் பல்கலைக்கழகங்கள் புத்தொளிப் பயிற்சிகளைப் பெருமளவில் நடத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பயிற்சி தருவது பல்கலைக்கழகம், பெறுவது பள்ளி ஆசிரியர். பயிற்சி தருபவருக்கும் பயிற்சி வேண்டியிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அப்பரிந்துரையில் இடமில்லை.

பாடம் அறிந்தவருக்குப் பாடம் நடத்தவும் தெரியும் என்பது அக்கால நம்பிக்கை. அது முற்றாக மறைந்துவிட்டது என்று இன்றும் சொல்வதற்கில்லை. தொடக்கப் பள்ளியில் எழுத்தறிவிக்கப் பயிற்சிப் பட்டயம் வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்க பி.எட். வேண்டும். முதுகலை வகுப்புக்குள் நுழைபவர் தம் பாடத்தில் தகுதி பெற்றிருந்தால் போதும். கற்பித்தலை அவர் தம்முடைய ஆசிரியர்களைப் பார்த்துக் கற்றிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளப்படுகிறது. நல்ல ஆசிரியர் வாய்க்காதவர் எதைப் பார்த்துக் கற்றிருப்பார் என்ற கேள்வியை எந்த விதியும் கேட்பதில்லை.

அக்கேள்வியின் அருகே முதலில் வந்தது டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்வி ஆணையம் (1964–66). புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு நிறுவனத்தோடு பழகச் சிறிது காலம் தர வேண்டும். அனுபவமிக்க நல்லாசிரியர்களின் வகுப்புகளில் அமர்ந்து கேட்க அவரை ஊக்குவிக்க வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அறிமுகப் பயிற்சிகளை முறையாக நடத்த வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென நிலையான ‘ஸ்டாஃப் காலேஜ்’ ஒன்றை அமைக்கலாம் என்றெல்லாம் அதன் அறிக்கை கூறியது. கோத்தாரி அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தார். ஆயினும் அந்த யோசனை நாடளாவிய திட்டமாக உருப்பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. பாலிடெக்னிக் ஆசிரியர்களின் நிலை வேறு. அவர்களுக்காகச் சென்னை, போபால், கல்கத்தா, சண்டிகர் ஆகிய நான்கு ஊர்களில் 1960களிலேயே தனிப் பயிற்சி நிறுவனங்கள் எழுந்துவிட்டன. தொழிற்கல்வி ஆசிரியருக்குப் பயிற்சி தேவை என்று சொல்வது எவருக்கும் உறுத்தவில்லை. பல்கலைக்கழக ஆசிரியரிடம் அதைச் சொல்வது அவருடைய புலமையை ஐயுறுவதாகத் தோன்றியது போலும்.

இடைப்பட்ட காலம் வெறுமையாகக் கழியவில்லை. 1960களில் அமெரிக்க உதவியோடு கோடைக்காலப் பயிலரங்குகள் நடந்தன. பள்ளி, கல்லூரி அறிவியல் ஆசிரியர்கள் வெயில் காலத்தில் பல்கலைக்கழக வளாகங்களில் தங்கிப் பாடத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1970களில் கல்லூரி அறிவியல் கல்வியை மேம்படுத்தும் திட்டத்தை மானியக் குழு தொடங்கியது. இவற்றின் கவனமெல்லாம் பாடப்பொருளின் மீதே இருந்தது. வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவரிடம் அப்பாடம் எவ்வாறு சென்று சேரும் என்பது பெரிதும் விவாதப் பொருளாகவில்லை.

திருப்பம் 1986இன் தேசியக் கல்விக் கொள்கையோடும் அதே ஆண்டில் வெளியான செயல்திட்டத்தோடும் வந்தது. விரிவுரையாளராகப் புதிதாகச் சேரும் அனைவருக்கும் கற்பித்தல் முறை, கல்வி உளவியல் முதலியவற்றில் அறிமுகப் பயிற்சி தரவும், பணியில் உள்ள ஒவ்வோர் ஆசிரியரையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் புத்தொளிப் பயிற்சியின் வரம்புக்குள் கொண்டுவரவும் செயல்திட்டம் வழிவகுத்தது. ‘ஒவ்வோர் ஆசிரியர்’, ‘ஐந்தாண்டு’ ஆகிய இரு சொற்களையும் நினைவில் கொள்ள வேண்டும். புதியவர், மூத்தவர், பேராசிரியர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. அறிவு பழசாகிறது, ஆகவே குறித்த கால இடைவெளியில் அதைப் புதுக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் தருக்கம். இத்திட்டத்தின்கீழ் மானியக் குழு பல பல்கலைக்கழகங்களில் ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’களை நிறுவியது. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை 66 ஆனது.

இதே காலத்தில் வேறொரு கோப்பும் நகர்ந்துகொண்டிருந்தது. அது ஊதியத்தைப் பற்றியது. மெஹ்ரோத்ரா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1987 ஜூனில் மத்திய அரசு புதிய ஊதிய விகிதத் திட்டத்தை அறிவித்தது. அதன் குறைகளை எதிர்த்து அவ்வாண்டிலேயே கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விரிவுரையாளர் எட்டு ஆண்டுகளுக்குப் பின் மூத்த நிலைக்கு உயரலாம் என்பது அத்திட்டம் தந்த வாய்ப்பு. ஏறத்தாழ நான்கு வாரம் நீளும் புத்தொளிப் பயிற்சிகள் இரண்டிலோ அவற்றுக்கு இணையான பயிலரங்குகளிலோ பங்கேற்றிருக்க வேண்டும் என்பது அவ்வாய்ப்புக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று.

கொள்கை ஆவணம் ஆண்டுகளால் எண்ணியதை ஊதிய ஆணை படிகளால் எண்ணியது. பார்வைக்குச் சிறிய வேறுபாடு. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் இப்பயிற்சிக்கு நேர்ந்த பலவும் அதற்குள் அடங்கியிருந்தன. பதவி ஏணியில் ஏறுபவருக்கு மட்டுமே பயிற்சி கட்டாயமாயிற்று. ஏணியின் உச்சியை அடைந்த பேராசிரியருக்கு அதன்பின் எந்தக் கட்டாயமும் இல்லை. ஏணியே இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை.

ஆசிரியர் இயக்கங்களைக் குறை கூறிக் கடந்துவிடவும் முடியாது. நிபந்தனை ஏதும் இல்லாதிருந்தால் கல்லூரி நிர்வாகங்கள் ஆசிரியரை நான்கு வாரம் விடுவித்திருக்குமா என்பது ஐயமே. பதவி உயர்வு என்ற பிடி இருந்ததனால்தான் சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர் பணிவிடுப்புப் பெற்று, பயணப்படியோடு வேறொரு பல்கலைக்கழகத்தின் விருந்தினர் விடுதிக்கு வர முடிந்தது. அறிமுகப் பயிற்சி 24 வேலை நாள், 144 மணி நேரம். புத்தொளிப் பயிற்சி 18 வேலை நாள், 108 மணி நேரம் என்று பின்னாளைய நெறிமுறைகள் வரையறுத்தன. அறிமுகப் பயிற்சியின் பாடத்திட்டத்துக்கு நான்கு கூறுகள் உண்டு: சமூகம், சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆகியவற்றோடு கல்விக்குள்ள உறவு, கல்வித் தத்துவமும் கற்பித்தல் முறையும், வளங்களை அறிதலும் அறிவை உருவாக்குதலும், மேலாண்மையும் ஆளுமை வளர்ச்சியும். கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் ஒரே அறையில் அமர்ந்து ஒருவர் மற்றவர் முன்னிலையில் மாதிரிப் பாடம் நடத்த நேர்ந்தது இந்தப் பயிற்சியில்தான். துறைச் சுவர்களுக்குள் முப்பது ஆண்டு கழிக்கும் ஒருவருக்கு இது எளிதில் வாய்ப்பதன்று. அதே வேளையில், வீட்டுப் பொறுப்பு முழுவதையும் சுமக்கும் பெண் ஆசிரியர்களுக்கு நான்கு வார வெளியூர்த் தங்கல் பெருந்தடையாக இருந்ததையும் மறுப்பதற்கில்லை.

சான்றிதழே இலக்கானபோது சான்றிதழுக்குரிய நோய்களும் உடன்வந்தன. பணிமூப்பு நெருங்கும் ஆண்டில் இடம் தேடி அலைவது வழக்கமாயிற்று. பயிற்சியை முடிக்க வேண்டிய கெடுவை மானியக் குழுவே பலமுறை நீட்டித்தது. உரிய காலத்தில் இடம் கிடைக்காமல் பதவி உயர்வு தள்ளிப்போன ஆசிரியருக்கு அந்நீட்டிப்பு நியாயமான நிவாரணமே. ஆனால் பணியில் சேர்ந்தவுடன் பெற வேண்டிய அறிமுகப் பயிற்சியை ஒருவர் எட்டாம் ஆண்டில் பெறுவாரானால், அவருக்கு எதை அறிமுகம் செய்வது? அதற்குள் பல நூறு மாணவர்கள் அவருடைய வகுப்பைக் கடந்து போயிருப்பார்கள்.

பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2014 டிசம்பர் 25 அன்று மதன் மோகன் மாளவியாவின் பெயரால் ஆசிரியர்களுக்கான தேசிய இயக்கம் வாராணசியில் தொடங்கப்பட்டது. 2015இல் ஸ்டாஃப் காலேஜ்கள் மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2023 ஆசிரியர் தினத்தில் மாளவியா மிஷன் பயிற்சித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது அவற்றின் பெயர்ப்பலகைகள் மீண்டும் மாறின. இவ்விரு பெயர் மாற்றங்களுக்கும் இடையே, 2018இன் மானியக் குழு ஒழுங்குமுறைகள் வேறொரு வாயிலைத் திறந்தன. ஒரு வாரப் பயிலரங்கு, இணையவழிப் படிப்பு, மின்பாட உருவாக்கம் முதலியவையும் சில படிகளில் பதவி உயர்வுக்குக் கணக்கில் கொள்ளப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ‘ஸ்வயம்’ தளத்தில் ஆண்டுதோறுமான புத்தொளிப் பயிற்சியாக ‘அர்பித்’ தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் விடுதி அறை திரையாகச் சுருங்கியது. வீட்டை விட்டு வர இயலாதவர்களுக்கு இது விடுதலை; மாதிரிப் பாடத்துக்கும் மாலை நேர உரையாடலுக்கும் இழப்பு.

படிகளால் எண்ணும் முறை மட்டும் இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் அசையவில்லை. அதன் விளைவு இன்று மிகத் தெளிவாகத் தெரிவது கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்த ஆசிரியர் விஷயத்தில்தான். குறைந்தது மூன்று கல்வியாண்டுகள் கற்பித்த தற்காலிக ஆசிரியரைப் பயிற்சியில் அனுமதிக்கலாம் என்று ஸ்டாஃப் காலேஜ் காலத்து நெறிமுறைகளிலேயே வழி இருந்தது. ஆனால் வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுபவர் வகுப்பை விட்டு வந்தால் அந்நாள்களின் ஊதியத்தை இழப்பார். திரும்பிச் சென்று சான்றிதழைக் காட்டினால் அதை ஏற்றிக்கொள்ளப் பணிப்பதிவேடு இராது. பல அரசுக் கல்லூரிகளில் இளங்கலை முதலாண்டு வகுப்புகளின் பெரும்பகுதி இவர்களிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 1986இன் செயல்திட்டம் ‘ஒவ்வோர் ஆசிரியர்’ என்று எழுதியபோது இவர்களை விலக்கி எழுதவில்லை. விலக்கியது அடுத்த ஆண்டின் ஊதிய ஆணை. அதுவும் பெயர் சொல்லி அன்று, அவர்களுக்கென ஒரு படியை வைக்காததன் மூலம்.